போனஸ் பணம்: காப்பகத்துக்குக் கொடுக்கவா, நாயைக் கூட்டிவரவா?

கேள்வி: நிரந்தர வேலை, வாடகை வீடு, தனியாக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் ஒரு விலங்குக் காப்பகத்தில் கூடமாட உதவி செய்கிறேன். இந்த வருஷ போனஸில் பாதியை அவர்களுடைய சாப்பாட்டுச் செலவுக்கு என்று கொடுத்துவிட்டு, அங்கே இருக்கும் 8 வயதுப் பெரிய நாயையும் ஒரு குட்டியையும் தத்தெடுக்கலாம் என்று ஆசை. கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறது, சேமிப்பு பெரிதாக இல்லை. செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் நீங்கள் சொல்லும் வரிசையில் வேண்டாம். முதல் வேலை, கார்டு பாக்கியை முழுசாக அடைப்பது. அந்தப் பாக்கி இருக்கும்வரை நீங்கள் கொடுக்கும் நன்கொடை வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுப்பதுதான், காப்பகத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அப்புறம், நன்கொடையையும் தத்தெடுப்பையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். நன்கொடையை வேலை போனால் அடுத்த மாதமே நிறுத்திவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாயின் செலவை நிறுத்த முடியாது. குட்டியென்றால் பத்து, பன்னிரண்டு வருஷம், சின்ன ரகமாக இருந்தால் அதற்கு மேலும். கையில் சேமிப்பில்லாமல் கூட்டிவந்து, முதல் பெரிய ஆஸ்பத்திரி பில்லில் ஆடிப்போய், நாயைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் போனஸில் கடன் போக மிச்சத்தில் முதல் பங்கு, நாயின் பெயரில் தனிக் கணக்கில் போகட்டும். எவ்வளவு என்று கேட்டால், உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் அவசர அறுவை சிகிச்சையும் சில நாள் உள்நோயாளிச் சிகிச்சையும் சேர்ந்து என்ன ஆகும் என்று விசாரியுங்கள், அந்தத் தொகைதான்.

தத்தெடுக்கும்போது கட்டுகிற கட்டணம் இதில் எல்லாம் கணக்கிலேயே வராது. சொல்லப்போனால் அது லாபம். பல காப்பகங்கள் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடித்துத்தான் கொடுக்கின்றன. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், அந்தச் செலவோடு ஒப்பிட்டால் முன்பே செய்த கருத்தடை எவ்வளவு மலிவு என்று புரியும். எதெது முடிந்தது என்பதை மட்டும் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மருத்துவச் சீட்டோடு வாங்குங்கள்.

குட்டியா, பெரியதா? இரண்டும் வேண்டாம், பெரியதை மட்டும் கூட்டிவாருங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பிக்கும் தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை போகும். அது முடிவதற்குள் பார்வோ (கடுமையான வாந்தியும் பேதியும் தரும் வைரஸ் நோய்) வந்துவிட்டால் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், அப்படியும் பிழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. தனியாக இருக்கிற, வேலைக்குப் போகிற ஒருவர் குட்டியைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டியிருக்கும் (கடித்துக் குதறிய செருப்புக் கணக்கை நான் சேர்க்கவே இல்லை). குட்டிகளுக்கு வீடு கிடைப்பது சுலபம், வயதானவைதான் பெரும்பாலும் கூண்டிலேயே கிடக்கும். பெரிய உடம்புள்ள நாய்க்கு 8 வயது என்பது முதுமையின் தொடக்கம். மூட்டு, பல், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி மருந்து, மயக்க மருந்து, வலி மருந்து எல்லாம் எடைக்கு ஏற்ற அளவில்தான், அதனால் பெரிய நாயின் பில்லும் பெரிதாகவே வரும்.

இன்சூரன்ஸ் எடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது, பாலிசி எடுத்த முதல் நாட்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு. வயதான நாய்க்குப் புதிதாக எடுத்தால் பிரீமியமும் அதிகம், சில நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் சேர்ப்பதே இல்லை. எனவே மேலே சொன்ன தனிக் கணக்குதான் உங்கள் இன்சூரன்ஸ். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும் பண விஷயம்தான், நடுவில் வீடு மாற வேண்டி வந்தால் அதன் செலவு தெரியுமே.

சேமிப்பு சேரும்வரை அந்த நாயைத் தற்காலிகமாக வளர்க்கக் கேட்டுப் பாருங்கள். நிறைய காப்பகங்கள் அப்படிக் கொடுக்கின்றன, மருத்துவச் செலவை அவர்களே ஏற்பதும் உண்டு. அங்கே ஒரு கூண்டு காலியாகும், உங்களுக்கும் மாதச் செலவு உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சரி, நன்கொடை. மொத்தமாக ஒரே தடவை வேண்டாம், மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி சின்னத் தொகை வையுங்கள். சம்பளமும் வாடகையும் காப்பகத்துக்கு மாதாமாதம் வருகிற செலவு. பூனைக் குட்டிகள் பிறக்கிற பருவத்தில் திடீரென்று கூட்டம் சேரும், அப்போது நிச்சயமாக வரும் என்று நம்பக்கூடிய பணம்தான் அவர்களுக்கு உதவும். அப்புறம் அந்த 'சாப்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அரிசி மூட்டையும் பிஸ்கட்டும் தர ஆட்கள் கிடைப்பார்கள், கரண்ட் பில்லுக்கும் கூண்டு கழுவுகிறவரின் சம்பளத்துக்கும் யாரும் கொடுப்பதில்லை. கொடுக்கும்முன் போன வருஷத் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள். பல நாடுகளில் பதிவுபெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு, பதிவு இல்லாவிட்டால் அது கிடைக்காது.

கடைசியாக ஒன்று, நீங்கள் தனியாக இருப்பதால் சொல்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் நாயை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று இப்போதே ஒருவரிடம் பேசி, உயிலில் அவர் பெயரையும் பராமரிப்புக்கு ஒரு தொகையையும் எழுதிவையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அதே காப்பகத்திடம் கேளுங்கள், திரும்ப எடுத்துக்கொள்வதாகத் தத்து ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிற இடங்கள் இருக்கின்றன.