சுகாயு அமில வெந்நீரூற்று: இரத்த அழுத்தம் உள்ளவர் இறங்கலாமா?

கேள்வி: வரும் பிப்ரவரியில் குடும்பத்துடன் ஜப்பான் செல்கிறோம். அவோமோரிக்கு அருகே ஹக்கோடா மலையில் இருக்கும் சுகாயு விடுதியில் தங்க முன்பதிவு செய்திருக்கிறோம். 68 வயதான என் மாமியார் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் குளிப்பார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அவருடைய மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் அழைத்துச் செல்லலாம். ஆனால், 1684 முதல் புழக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் இந்த ஊற்றைப் பொறுத்தவரை, இரத்த அழுத்தத்துக்கும் முன்பாக நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய தோலைத்தான். எரிமலைக் கந்தகம் கலந்த இந்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 2; எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு நெருக்கமானது. எளிதில் எரிச்சல் காணும் தோல் உள்ளவர்களும், தோல் வறண்ட முதியவர்களும் அமில ஊற்றுகளைத் தவிர்க்க வேண்டும் என்று ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. ஆகவே அவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் செதில் உதிர்ந்தாலோ, குதிகாலில் வெடிப்பு இருந்தாலோ இறங்கவே வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போகும் தொந்தரவு இருந்தாலும் அப்படியே, ஏனெனில் சூடு உறைக்காத காலில் புண் ஏற்பட்டால் அது ஆறுவது கடினம்.

தோல் நன்றாக இருக்கிறது என்றால், அடுத்தது குளிர். 2013 பிப்ரவரியில் 566 சென்டிமீட்டர் பனி குவிந்திருந்த இடம் இது. குளிரில் ஆடை களையும்போது இரத்த நாளங்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். வெந்நீரில் இறங்கியதும் அவை விரிந்து அழுத்தம் சரியும். திடீரென எழுந்தால் மயக்கம் வரும். எனவே முதலில் காலிலிருந்து மேல்நோக்கி நீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, 42 டிகிரிக்கு மேற்பட்ட தொட்டிகளைத் தவிர்த்து, இடுப்பளவு நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மட்டும் உட்காரட்டும். எழும்போது நீங்கள் கைகொடுங்கள். சாப்பிட்ட உடனேயும் வெறும் வயிற்றிலும் வேண்டாம். நீர் கண்ணில் படவும் கூடாது.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிப்பது, ஹிபா மரத்தால் கட்டிய, ஏறத்தாழ 160 தத்தாமி பாய்கள் (ஜப்பானிய வீட்டுத் தரைப்பாய்கள்) விரிக்கக்கூடிய பெரிய கூடத்தில். அங்கும் காலை 8 முதல் 9 வரையும் இரவு 8 முதல் 9 வரையும் பெண்களுக்கு மட்டும். மற்ற நேரங்களில் அணிவதற்குக் குளியல் அங்கி விடுதிக் கடையிலேயே கிடைக்கும். ஆனாலும் உங்கள் மாமியாருக்கு நான் பரிந்துரைப்பது தாமா-நோ-யு என்ற சிறிய குளியலறையையே. அது ஆண், பெண் எனத் தனித்தனியாக இருப்பதோடு, பெரிய கூடத்தில் இல்லாத கழுவுமிடமும் அங்கே உண்டு. வெந்நீரூற்று நீரைக் கழுவாமல் விடுவதே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். மென்மையான தோலுக்கு அது பொருந்தாது, நல்ல நீரால் அலசிவிட வேண்டும்.

மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வையுங்கள், கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். செம்பும் வெள்ளியும் கலந்த 22 காரட் நகைகளும் நிறம் மங்கலாம்.

குழந்தைகள் உடன் வந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: ஆவி வரும் இடங்களைச் சுற்றிப் பனி உருகி உண்டாகும் பள்ளங்களில் நச்சு வாயு தேங்கும். 2005 டிசம்பரில் அகிதா மாகாணத்தின் தோரோயு ஊற்றருகே, இத்தகைய பள்ளத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தாக்கி ஒரே குடும்பத்தினர் நால்வர் இறந்தனர். வேலியைத் தாண்ட விடாதீர்கள்.

குளிர்காலத்தில் சுகாயுவுக்கு அப்பால் மலைச்சாலை மூடப்படும். அவோமோரி நிலையத்திலிருந்து வரும் பேருந்து அங்கேயே நின்றுவிடும். திரும்பும் பேருந்து நேரத்தை முன்பதிவின்போதே விடுதியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.