ஜிசி கண்ணில் படாத மெமரி: கேள்வி பதில்

கோ, ஜாவா, சி ஷார்ப் போன்ற, ஜிசி (பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர்) உள்ள மொழிகளில், ஜிசி நிர்வகிக்கும் மெமரியான ஹீப்பைத் தொடாமல் இயங்குதளத்திடமே மெமரி வாங்குவது பற்றிய கேள்விகள்.

செந்தில்: கோ மொழியில் 10 ஜிபி கேஷ் வைத்திருக்கிறேன். ஜிசி ஓடும்போதெல்லாம் சிபியு எகிறுகிறது. எம்மேப் (இயங்குதளத்திடம் நேரடியாக மெமரி வாங்கும் அழைப்பு) போட்டு ஹீப்புக்கு வெளியே எடுத்துவிடலாமா?

அதற்கு முன் கேஷுக்குள் எத்தனை பாயிண்டர் (வேறொரு இடத்தின் முகவரி) இருக்கிறது என்று பாருங்கள். ஜிசிக்கு வேலை வைப்பது பாயிண்டர்கள்தான். பாயிண்டர் இல்லாத பைட் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரே பெரிய பைட் ஸ்லைஸை அது ஸ்கேன் செய்வதே கிடையாது. ஸ்ட்ரிங்கைச் சாவியாகவும் ஸ்ட்ரக்ட் பாயிண்டரை மதிப்பாகவும் வைத்த மேப் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அத்தனையையும் தொட்டாக வேண்டும்.

சாவியை 64 பிட் ஹாஷாக மாற்றுங்கள். தரவைப் பெரிய பைட் ஸ்லைஸில் அடுக்கி, அது தொடங்கும் இடத்தின் எண்ணை மட்டும் மேப்பில் வையுங்கள். இரண்டு சாவிக்கு ஒரே ஹாஷ் வரலாம் என்பதால், முழுச் சாவியையும் தரவோடு எழுதி, எடுக்கும்போது ஒப்பிட வேண்டும். சாவி, மதிப்பு இரண்டிலும் பாயிண்டர் இல்லாத மேப்புக்குள் கோ 1.5 முதல் ஜிசி நுழைவதில்லை. பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

எம்மேப் தேவைப்படுவது வேறு காரணத்துக்கு. ஜிசி விகிதம் (உயிரோடிருக்கும் மெமரிக்கு மேல் எத்தனை சதவீதம் வளர விடலாம் என்ற அமைப்பு) வழக்கமான 100-ல் இருந்தால், உயிரோடிருக்கும் 10 ஜிபிக்கு ஹீப் ஏறத்தாழ 20 ஜிபி வரை வளர விடப்படும். கேஷை எம்மேப்புக்கு மாற்றினால் அந்த 10 ஜிபி இந்தக் கணக்கிலேயே வராது. சர்வரில் மெமரி இறுக்கமாக இருந்தால் இது பெரிய லாபம்.

ரம்யா: வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எப்படி?

கோவின் யூனிக்ஸ் பேக்கேஜில் எம்மேப் இருக்கிறது. ஃபைல் டிஸ்கிரிப்டர் -1, ஆஃப்செட் 0, வேண்டிய அளவு, படிக்கவும் எழுதவும் அனுமதி, அனானிமஸ், பிரைவேட் ஆகிய இரு கொடிகள். ஒரு பைட் ஸ்லைஸ் கைக்கு வரும், முழுக்கப் பூஜ்யங்களோடு.

கணக்கு பேஜ் பேஜாகத்தான். சாதாரண லினக்ஸ் பிசியில் ஒரு பேஜ் 4096 பைட், ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் 16 கேபி. 100 பைட் கேட்டாலும் ஒரு பேஜ் போய்விடும். அதனால் 64 எம்பி மாதிரி மொத்தமாக வாங்கி, உள்ளே நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக வாங்கி நடுநடுவே விடுவித்தால் மேப்பிங் துண்டு துண்டாகும். லினக்ஸ் ஒரு புராசஸுக்கு வழக்கமாக அனுமதிக்கும் 65530 மேப்பிங் தீர்ந்ததும், ரேம் காலியாக இருந்தாலும் 'மெமரி இல்லை' என்றுதான் பிழை வரும்.

வாங்கியவுடன் ஆர்எஸ்எஸ் (புராசஸ் நிஜமாகப் பிடித்திருக்கும் ரேம்) ஏறவில்லையே என்று குழம்ப வேண்டாம். ஒரு பேஜில் முதல் தடவை எழுதும்போதுதான் கெர்னல் நிஜ ரேமை ஒதுக்கும்.

விடுவிக்கும்போது, எம்மேப் கொடுத்த அதே ஸ்லைஸை முழுதாக மன்மேப் என்ற விடுவிக்கும் அழைப்பிடம் கொடுக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ வெட்டிய ஸ்லைஸைக் கொடுத்தால் 'தவறான மதிப்பு' என்று பிழை திரும்பும், மெமரி அப்படியே கிடக்கும். டிஃபரில் (ஃபங்ஷன் முடியும்போது ஓடுவது) மன்மேப் போட்டு, பிழையைப் பார்க்காமலே விடுவதால் இந்தக் கசிவு லேசில் பிடிபடாது.

விண்டோஸில் வெர்ச்சுவல் அலாக். முகவரி 64 கேபி எல்லையில் தொடங்கும். விடுவிக்க வெர்ச்சுவல் ஃப்ரீயில் ரிலீஸ் கொடியோடு அளவை 0 என்று கொடுங்கள். வாங்கிய அளவைக் கொடுத்தால் தோற்கும்.

இம்ரான்: அந்த இடத்தில் ஸ்ட்ரக்ட் வைக்கலாமா? அதில் ஒரு ஸ்ட்ரிங் ஃபீல்டு இருக்கிறது.

ஸ்ட்ரக்ட் வைக்கலாம், ஸ்ட்ரிங் கூடாது. ஸ்ட்ரிங் என்பது ஒரு பாயிண்டரும் ஒரு நீளமும். எம்மேப் பகுதியை ஜிசி பார்ப்பதில்லை. ஹீப்பில் உள்ள அந்த எழுத்துகளுக்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாடாவிட்டால் அவற்றைக் குப்பை என்று எடுத்துவிடும். உங்கள் பாயிண்டரோ பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே வேறு பொருள் குடியேறிய பிறகு தப்பான தரவு வரும். டெஸ்டில் ஓடும், லோடு ஏறியதும் உடையும் ரகம் இது. ஸ்லைஸ், மேப், இன்டர்ஃபேஸ், சேனல் எல்லாவற்றுக்கும் இதே தடை. எண்களும் நிலையான நீள அரேக்களும் மட்டும் போடுங்கள், 8 பைட் எல்லையில் தொடங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் ஜிசி விகிதத்தை 1 ஆக்கி, கோடிபக் மாறியில் கிளாபர்ஃப்ரீயை 1 என வைத்து ஓட்டுங்கள். விடுவித்த பொருள்மேல் ரன்டைம் வேண்டுமென்றே குப்பையை எழுதும். பிழை உடனே வெளியே வரும்.

எதிர்த்திசையில், ஹீப்பிலிருந்து எம்மேப் பகுதிக்குப் பாயிண்டர் வைப்பது சரி. ஆனால் மன்மேப்புக்குப் பின் அதைத் தொட்டால் புரோகிராமே விழும்; பேனிக்கைப் பிடிக்கும் ரிகவர்கூட இதைப் பிடிக்காது. டிபக் பேக்கேஜின் செட்-பேனிக்-ஆன்-ஃபால்ட் அந்த கோரூட்டினில் இருந்தால்தான் ரிகவர் பிடிக்கக்கூடிய பேனிக்காக மாறும். விழுந்தால்கூட அதிர்ஷ்டம் என்பேன். அதே முகவரியை அடுத்த எம்மேப் வாங்கியிருந்தால் சத்தமே இல்லாமல் அடுத்தவர் தரவில் எழுதுவீர்கள்.

கவின்: ஃபைனலைசர் (ஒரு பொருளை ஜிசி எடுக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) போட்டுத் தானாக விடுவிக்க வழி உண்டா?

எம்மேப் முகவரிமேல் நேரடியாகப் போட முடியாது, ஹீப் பாயிண்டர் இல்லை என்று ரன்டைம் நின்றுவிடும். மேலே ஒரு சின்ன ஸ்ட்ரக்டைச் சுற்றி அதன்மேல் போடலாம், கோ 1.24 முதல் ஆட்-கிளீனப் இருக்கிறது, அதுவே மேல். சிக்கல் என்னவென்றால், ஜிசிக்குத் தெரிவது அந்த ஸ்ட்ரக்டின் சில பைட்டுகள்தான், பின்னால் தொங்கும் 64 எம்பி தெரியாது. அவசரப்பட அதற்குக் காரணமே இல்லை. கோ மெமரி லிமிட்டும் நீங்கள் எம்மேப்பில் வாங்கியதை எண்ணாது. ஆகவே குளோஸ் முறையை வெளிப்படையாக அழையுங்கள், கிளீனப் வெறும் பாதுகாப்பு வலை. கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் கீப்-அலைவ் (அதுவரை பொருள் உயிரோடிருக்க வேண்டும் என்று சொல்லும் அழைப்பு) மறக்காதீர்கள், இல்லையென்றால் வேலை நடக்கும்போதே கிளீனப் ஓடிவிடலாம். சி ஷார்ப்பில் இதே வேலைக்குச் சேஃப்-ஹேண்டில். வெளி மெமரியின் அளவை ஜிசிக்குச் சொல்ல ஆட்-மெமரி-பிரஷர் கொடுத்தால் விடுவிக்கும்போது அதே எண்ணைக் கழியுங்கள்.

ஜெனி: ஜாவா. டைரக்ட் பைட்பஃபர் (ஹீப்புக்கு வெளியே இருக்கும் பஃபர்) பயன்படுத்துகிறோம். ஹீப் பாதிகூட நிரம்பவில்லை, கன்டெய்னர் 137 என்று சாகிறது.

137 என்பது 128 + 9, அதாவது கில் சிக்னல். பெரும்பாலும் மெமரி வரம்பு தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கும். அதிகபட்ச ஹீப் 4 ஜிபி என்றால், டைரக்ட் மெமரி வரம்பும் சொல்லாவிட்டால் ஏறத்தாழ அதே 4 ஜிபி. 6 ஜிபி கன்டெய்னரில் இது எப்படி அடங்கும்? மேக்ஸ்-டைரக்ட்-மெமரி-சைஸை நீங்களே வையுங்கள்; மெட்டாஸ்பேஸுக்கும் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் இடம்) த்ரெட் ஸ்டாக்குகளுக்கும் இடம் விடுங்கள்.

பஃபர் விடுபடுவது அதன் சின்ன ஜாவா பொருளை ஜிசி எடுக்கும்போதுதான். பழைய தலைமுறைக்குப் (நெடுநாள் வாழும் பொருள்களுக்கான ஹீப் பகுதி) போய்விட்டால் நெடுநேரம் கிடக்கும். வரம்பு முட்டினால் ஜேவிஎம் தானே சிஸ்டம் ஜிசியை அழைக்கும். யாராவது டிஸேபிள்-எக்ஸ்பிளிசிட்-ஜிசி போட்டிருந்தால் அந்த அழைப்பு வீண், அவுட் ஆஃப் மெமரி வரும். ஜாவா 22 இருந்தால் கன்ஃபைன்ட் அரீனாவை (ஒரே த்ரெட் மட்டும் பயன்படுத்தும் வெளி மெமரித் தொகுப்பு) ட்ரை பிளாக்கில் திறங்கள்: பிளாக் முடிந்த நொடியில் விடுபடும், பிறகு தொட்டால் கிராஷ் இல்லை, எக்செப்ஷன்தான்.

செந்தில்: ரகசியச் சாவிகளை இப்படி வைப்பது பாதுகாப்பா?

ஹீப்பை விட மேல். பொருள்களை நகர்த்தும் ஜிசி, பழைய இடத்தில் ஒரு நகலை விட்டுவிடும். இங்கே அது நடக்காது. எம்லாக் போட்டு ஸ்வாப்புக்கு (டிஸ்க்குக்கு) போகாமல் தடுங்கள், கிராஷ் டம்பில் சேராமலிருக்க எம்அட்வைஸில் டோன்ட்-டம்ப் கொடுங்கள், மன்மேப்புக்கு முன் பூஜ்யத்தால் அழியுங்கள். எம்லாக் தோற்றால் யூலிமிட்டில் பூட்டும் மெமரி வரம்பைப் பாருங்கள், பழைய கெர்னல்களில் 64 கேபிதான். சாவியை வழியில் ஒரு தடவை ஸ்ட்ரிங்காக மாற்றியிருந்தால் இத்தனையும் வீண்.