தீபாவளிக்கு அன்பளிப்புப் பை வாங்குவதா, நேரே கொடுப்பதா?

வணக்கம். 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு அன்பளிப்புப் பை வாங்கினால் 5 விழுக்காடு முதியோர் இல்லத்துக்குப் போகும் என்று கடையில் சொன்னார்கள், வாங்கலாமா, பணத்தை நேரே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவிதான் நோக்கம் என்றால் நேரே கொடுங்கள்.

கணக்குப் போட்டால் தெரியும். அந்த 80 வெள்ளியில் இல்லத்துக்குக் கிடைப்பது 4 வெள்ளி. விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருந்தால் அதற்கே சுமார் 6.60 போய்விடும். பெரியவர்களுக்குப் போவதைவிட வரிக்குப் போவது அதிகம்! இதை நினைத்தால் எனக்கு மனசே கேட்பதில்லை.

அந்த இல்லத்துக்கு ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் அங்கீகாரம், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், 2026 முடியும்வரை நன்கொடையைப்போல் இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. 80 கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்தில் 200 குறையும். 7 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 14 வெள்ளி மிச்சம். கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைச் சொன்னால் போதும், கழிவு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். கடையில் வாங்கிய பைக்கு இந்தச் சலுகை கிடையாது.

உறவினர் வீட்டுக்கு எப்படியும் பை வாங்கத்தான் போகிறீர்களா? சரி, அங்கேயே வாங்குங்கள். ஆனால் 5 விழுக்காடு விலையிலா லாபத்திலா, உச்சவரம்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அறநிறுவனமே நடத்தும் கடை என்றால் கதை வேறு. வாட்டர்லூ ஸ்திரீட்டில் மகளிர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் நியூ2யூ என்ற, பயன்படுத்திய பொருள்கள் விற்கும் கடை அப்படிப்பட்டது. அங்கே தாராளமாக வாங்கலாம்.