மழை மாறினால் காவிரிப் பங்கீடு என்ன ஆகும்?

ஆண்டு மழை மொத்தத்தில் குறையாவிட்டால் காவிரிக்குப் பாதிப்பில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப்பு உண்டு, ஏனெனில் சிக்கல் மழையின் அளவைவிட அது பெய்யும் காலத்தில்தான் அதிகம் இருக்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் மாநிலங்களுக்குப் பங்கிட்ட 740 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்பது இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டேனும் கிடைக்கும் என்று பழைய நீரோட்டப் பதிவுகளைக் கொண்டு கணித்த அளவாகும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய நீரை, எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் திருத்தியபோதும் மாதவாரித் தவணை முறை தொடர்ந்தது. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குவதால் குடகிலும் வயநாட்டிலும் வாரக்கணக்கில் பெய்யவேண்டிய மழை சில நாள்களில் கொட்டிவிடுகிறது. அப்போது அணைகள் நிரம்பி உபரி கடலுக்குப் போக, அடுத்து வரும் வறண்ட வாரங்களில் குறுவைப் பயிர் வாடுகிறது. 2018 ஆகஸ்டில் குடகு வெள்ளத்தில் தத்தளித்தது. 2023 ஆகஸ்டோ 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது.

பற்றாக்குறை ஆண்டில் இழப்பை விகிதப்படி பகிரவேண்டும் என்ற கொள்கை இருந்தும், இரு மாநிலங்களும் ஏற்ற கணக்கீடு இன்னும் இல்லை. நாள்காட்டியைவிட அணைகளுக்கு வரும் நீரை அடிப்படையாகக் கொண்ட சூத்திரமே கடைமடை உழவருக்குப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.