செயற்கைக்கோள் படத்தில் சிவப்பு தெரிந்தால் ரப்பர் மரத்தை முறிக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் 2 ஏக்கர் ரப்பர், 360 மரம். மூன்று வருடத்தில் 14 மரம் பட்டுப்போனது. தடி வியாபாரி ஒருவர் ஜனவரியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "சிவப்பாகத் தெரியும் கிழக்குப் பாதி அடுத்த வருடம் செத்துவிடும், கணிப்பு 98 சதவீதம் சரி, இப்போதே முறித்துக் கொடுங்கள்" என்கிறார். நம்பலாமா?

பதில்: முறிக்காதீர்கள். முன்பணமும் வாங்காதீர்கள்.

அந்த 98-ஐ முதலில் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து மரம் சாகிறது. படமே பார்க்காத ஒருவர் "எதுவும் சாகாது" என்றாலும் 355 மரத்தில் அவர் சொன்னது பலிக்கும், அதுவே 98.6 சதவீதம். அதனால் வியாபாரியிடம் வேறு கேள்வி கேளுங்கள். போன வருடம் யார் தோட்டத்துக்குக் கணித்தார்? அங்கே செத்த மரங்களில் எத்தனையை முன்கூட்டியே காட்டினார்? சாகும் என்று காட்டியவற்றில் எத்தனை இன்றும் பால் தருகின்றன? இதற்கெல்லாம் பதில் வைத்திருக்காமலே படம் காட்டி மரம் வாங்க முடிகிறது, கேட்க ஆளில்லை.

மேலும் அது ஜனவரிப் படம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும் காலம். நல்ல மரமும் மேலிருந்து பார்த்தால் பட்ட மரம்தான். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படமென்றால் அதில் ஒரு கட்டம் (பிக்சல்) நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். அதற்குள் நான்கைந்து மரம் நிற்கும். எது சாகும் என்று எப்படிப் பிரிப்பது?

கட்டம் போட்ட தாளில் உங்கள் மரங்களை வரிசைப்படி வரையுங்கள். செத்தவற்றுக்கு எதிரே வருடத்தை எழுதுங்கள். சாவு வருடாவருடம் பக்கத்து மரத்துக்கு நகர்ந்தால் வேர்நோய் என்று சந்தேகப்படலாம். தூரைத் தோண்டிப் பாருங்கள். வேரில் மண்ணும் சரளையும் பழுப்பு ஓடுபோல ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பழுப்பு வேர்நோய். அந்தத் தூரையும் வேரையும் பெயர்த்து எரிக்க வேண்டும். மண்ணுக்குள் விட்டால் அடுத்த மரத்தின் வேருக்குத் தொற்றும்.

மின்னல் மட்டும் விலக்கு. அதிலும் மரங்கள் கூட்டமாகத்தான் சாகும், தாளில் வேர்நோய் போலவே தெரியும். ஆனால் எல்லாம் சில வாரங்களுக்குள் வாடும், பட்டையின் உட்புறம் கறுக்கும், துளைக்கும் வண்டு வரும்; அடுத்த வருடம் அந்த வட்டம் பெரிதாகாது. ஆகவே வருடத்தோடு மாதத்தையும் எழுதுங்கள்.

அந்தத் தாளோடு ரப்பர் வாரியக் கள அலுவலரைப் பாருங்கள். "எத்தனை மரம்" என்று மட்டும் கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தால், தாளை நீட்டி "எந்த இடம்" என்பதையும் பதியச் சொல்லுங்கள்.