மாநகராட்சி விளையாட்டுத் திடல் பூட்டியே கிடக்கிறது. கவுன்சிலரிடம் போவதா, எம்எல்ஏவிடம் போவதா?

இரண்டு பேரிடமும் அப்புறம் போகலாம். முதலில் அந்த இடம் யாருடையது, கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இது தெரியாமல் எழுதுகிற மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும்.

நீங்கள் சென்னையில் எந்த வார்டு என்று சொல்லவில்லை. திடல் பூட்டியிருக்கிறது, ஒரு மூலையில் வடிகால் வேலைக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் தெருவில் ஆடுகிறார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையாகவோ, 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்த அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம் பக்கமாகவோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு "நீ எந்தக் கட்சி" என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தக் கட்சி கவுன்சிலராக இருந்தாலும் நடைமுறை இதேதான்.

ஊர் "கார்ப்பரேஷன் கிரவுண்ட்" என்று சொல்வதெல்லாம் மாநகராட்சியுடையது அல்ல. அடுக்குமாடி வாரியக் குடியிருப்புக்குள் இருக்கும் திடல் பெரும்பாலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தினுடையது. பள்ளி மதிலுக்குள் இருந்தால் கல்வித் துறை. அது மாநகராட்சிப் பள்ளியாகவே இருந்தாலும் பூங்கா, விளையாட்டுத் திடல்களைப் பார்க்கும் பிரிவு அதைத் தொடாது. பெரம்பூர், ஐசிஎஃப் எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் என்றால் ரயில்வே நிலமாக இருக்கலாம். நேரு ஸ்டேடியமும் எழும்பூர் ஹாக்கி மைதானமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். புது லேஅவுட், அதாவது மனைப்பிரிவுப் பகுதியாக இருந்தால் அது ஓஎஸ்ஆர் நிலமாக, அதாவது பொதுவுக்கு ஒதுக்கிய திறந்தவெளியாக இருக்க வாய்ப்பு அதிகம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையைப் பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பத்திரம் எழுதிவிட்டு, வேலி போட்டு, குடியிருப்போர் சங்கம் தன் சொத்துபோலப் பூட்டி வைத்திருக்கும் திடல்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. அங்கே சாவி சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் டவுன் சர்வே பதிவேட்டு நகல் எடுக்கலாம். பிளாக் எண்ணும் டவுன் சர்வே எண்ணும் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பட்டாவைப் பாருங்கள். பெரும்பாலும் அதை ஒட்டிய எண்ணாக இருக்கும். ஓஎஸ்ஆர் என்று சந்தேகம் வந்தால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கொடுத்த லேஅவுட் வரைபடத்தில் அந்தத் துண்டு தனியாகக் குறித்திருக்கும். சர்வே எண் போட்ட மனுவுக்கும் "எங்கள் தெரு கோடியில் உள்ள மைதானம்" என்று எழுதிய மனுவுக்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

இடம் மாநகராட்சியுடையதுதான் என்று உறுதியானால், உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர்தான் முதல் ஆள். பேச்சுவழக்கில் ஏஈ. மொத்தம் 200 வார்டு, அவற்றைச் சேர்த்து மண்டலங்கள். வார்டில் ஏஈ, மண்டலத்தில் செயற்பொறியாளரும் மண்டல அலுவலரும், மேலே வட்டாரத் துணை ஆணையர். பூட்டைத் திறப்பது, மண்ணை அள்ளுவது, விளக்கு போடுவது இதெல்லாம் பராமரிப்பு. இதற்கு மன்றத் தீர்மானம் வேண்டாம், எம்எல்ஏ நிதி வேண்டாம். மாநகராட்சிப் புகார் தொலைபேசி 1913-ல் சொல்லுங்கள், அல்லது 'நம்ம சென்னை' செயலியில் படத்தோடு போடுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள். ஒரு புகாருக்கு ஒரே விஷயம். "கேட் பூட்டு, மண், விளக்கு, கழிப்பறை" என்று நான்கையும் ஒரே புகாரில் போட்டால் விளக்கை மட்டும் மாற்றிவிட்டு முடித்ததாகக் காட்டிவிடுவார்கள். வேலை நடக்காமலே முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றைய தேதியோடு புதுப் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். அதன் பிறகுதான் 1100, அதாவது முதல்வருக்குப் புகார் சொல்லும் 'முதல்வரின் முகவரி'. நேராக அங்கே போனால் அதுவும் இதே ஏஈ மேசைக்குத்தான் வரும், இரண்டு வாரம் தாமதமாக.

கொட்டிய மண் தனிக் கதை. மழைநீர் வடிகால் போடுவது மாநகராட்சி, கழிவுநீர்க் குழாய் போடுவது குடிநீர் வாரியம், மின் கேபிள் மின்வாரியம். மண் யாருடைய ஒப்பந்ததாரர் கொட்டியது என்று தெரியாமல் புகார் கொடுத்தால் மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வேலை நடக்கும் இடத்தில் பலகை வைத்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையென்றால் தோண்டியதைப் பாருங்கள். பெட்டி மாதிரி கான்கிரீட் என்றால் மழைநீர் வடிகால், வட்டக் குழாயும் ஆள்நுழை மூடியும் என்றால் பெரும்பாலும் குடிநீர் வாரியம்.

கவுன்சிலர் எங்கே வருகிறார் என்றால், புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்றபோது. மேடை, சுற்றுச்சுவர், வாலிபால் கோர்ட், உயர் விளக்குக் கம்பம் போன்றவை. அவருக்கு வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. தொகை பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். எம்எல்ஏவுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடம் 3 கோடி, எம்பிக்கு 5 கோடி. கேட்கத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் எம்எல்ஏ நிதியில் கட்டிடம் வரும், கல்வெட்டு வரும், வாட்ச்மேன் வரமாட்டார். திறப்பு விழா முடிந்து ஆறு மாதத்தில் பூட்டு தொங்குவதற்கு இதுதான் காரணம்: கட்டுவதற்கு ஒரு தலைப்பில் பணம் உண்டு, நடத்துவதற்கு அந்தத் தலைப்பில் இல்லை.

2024 அக்டோபர் கடைசியில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 2022 தேர்தலில் 200-ல் 153 வார்டுகளை திமுக தனியாகவே பிடித்த மன்றம் அது. தீர்மானம் நிறைவேறுவதில் சிக்கல் இல்லை. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததும் உடனடியாகத் திரும்பப் பெற்றார்கள். நல்லது. வியாசர்பாடியில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய் என்றால் அந்தத் திடல் யாருக்கு? இந்திய அணிக்கு ஆடிய தன்பால் கணேஷ் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர். ஆனால் கட்டணம் போனதே தவிர, செலவு போகவில்லை. செயற்கைப் புல்லை வாரம்தோறும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் இழை படுத்துவிடும். உள்ளே தூவிய ரப்பர்த் துகள் மழையில் வழிந்து வடிகாலுக்குப் போகும், திரும்பத் தூவ வேண்டும். இணைப்பு விட்ட இடத்தை அன்றே ஒட்டாவிட்டால் ஒரு மாதத்தில் கை அகலத்துக்குப் பிரியும். இரவு விளக்குக்கு மின்கட்டணம் வேறு. இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்யாமல் திடல் திறந்தால், அடுத்து வருவது பூட்டு அல்லது டிக்கெட்.

அதனால் கவுன்சிலரிடம் செயற்கைப் புல் கேட்காதீர்கள். செம்மண் திடல் கேளுங்கள். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர், சுற்றி 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. ஒன்றே முக்கால் கிரவுண்ட் இடத்தில் அடங்கிவிடும் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி). கபடிக்கு 13-க்கு 10. மேலே உள்ள கட்டிட இடிபாட்டை அரை அடி வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 100-க்கு 1 சரிவு; 30 மீட்டர் அகலத் திடலில் நடு மேடு ஓரத்தைவிட 15 சென்டிமீட்டர் உயரமாக வரும். வேலைக்கான செலவு மதிப்பீட்டில் சரிவு என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சமமாகப் போட்டுவிட்டுப் போவார்கள், நவம்பரில் குளம்.

குளத்துக்கு இன்னொரு காரணம் சாலை. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார். அதற்கு முன்பு ஏறிய சாலைகள் ஏறியபடியே இருப்பதால், தெருவைவிடத் திடல் தாழ்ந்து கிடக்கும். ஓரத்தில் வண்டல் பிடிக்கிற தொட்டி வைத்து வடிகாலோடு இணைக்காமல் எவ்வளவு செம்மண் கொட்டினாலும் வீண்.

இப்போது பந்தல் கால் குழி. தலைவர் பிறந்தநாள் கூட்டம், கோயில் விழா, கட்சிக் கோப்பைக்கான டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி எல்லாவற்றுக்கும் இதே திடல்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டு போகும்போது கால் நட்ட குழியில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டுப் போவார்கள். பார்க்கத் தரை சமமாக இருக்கும். முதல் மழையில் உள்ளே இறங்கும், கபடி ஆடுகிற பையனின் கணுக்கால் திரும்பும். குழியைத் தோண்டி லூஸ் மண்ணை எடுத்துவிட்டு, 10 சென்டிமீட்டர் மண், தண்ணீர், திமிசு, மறுபடி 10 சென்டிமீட்டர் என்று கெட்டிப்படுத்தினால்தான் நிற்கும். கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே முன்பணம் பிடித்து, குழி மூடியதைப் பார்த்த பிறகு திருப்பித் தரச் சொல்லி மனுவில் கேளுங்கள். எந்தக் கட்சிக்கும் பிடிக்காத கோரிக்கை.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சர்வே எண், அளவு, இரண்டு படம், கோரிக்கை ஒன்று. "மதிப்பீடு தயாரித்து அனுப்புமாறு" என்ற சொற்றொடர் இருக்கட்டும். கவுன்சிலர், ஏஈ, மண்டல அலுவலர் மூவருக்கும் பிரதி. உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். பெண் கவுன்சிலர் என்றால் மனுவை அவர் கையிலேயே கொடுங்கள். போனை எடுக்கிற கணவருக்கு மன்றத்தில் இடம் கிடையாது, நிதிக் கடிதத்தில் கையெழுத்தும் கிடையாது. மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். நவம்பர், டிசம்பரிலேயே மனு உள்ளே போய்விட வேண்டும். ஏப்ரலில் கொண்டுபோனால் அடுத்த வருடம் என்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது டெண்டர் எதுவும் நகராது.

வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தை யாரும் மதிப்பதில்லை. 2022 நவம்பர் 1-ல் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்ததோடு சரி என்று நினைக்கிறார்கள். கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்பது விதி. நடத்தாவிட்டால் "நடத்துங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். நடந்தால், திடல் காலை, மாலை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கும் என்பதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு யார் பூட்டினாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

தகவல் உரிமை மனு கடைசி ஆயுதம் அல்ல, நடுவிலேயே போட வேண்டியது. 10 ரூபாய், 30 நாள். "ஏன் பூட்டினீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: திடலின் திறப்பு நேரம் குறித்த உத்தரவின் நகல், பராமரிப்பு ஒப்பந்ததாரர் பெயரும் ஒப்பந்தம் முடியும் தேதியும், மண் கொட்ட அனுமதித்த கடிதத்தின் நகல், கடைசியாக நடந்த வேலையின் எம்-புக் (வேலை அளவுப் பதிவேடு) பக்கங்கள். எம்-புக்கில்தான் எத்தனை கன மீட்டர் செம்மண் கொட்டியதாக பில் போட்டார்கள் என்பது இருக்கும். திடலின் நீள அகலத்தை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் மீதி உங்களுக்கே புரியும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால் கூப்பிடுங்கள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் மாதிரி வட்டார வார இதழ்கள் பெரிய நாளிதழைவிடச் சீக்கிரம் போடும். ஆனால் விளையாட்டுப் பக்கத்தை நம்பாதீர்கள். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், 2023-ல் எழும்பூரில் ஆசிய ஹாக்கி, அதே வருடம் சேப்பாக்கத்தில் புது ஸ்டாண்டு என்று பக்கம் பக்கமாக வந்தது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியபோதுதான் அந்தத் தெரு நிறையப் பேருக்குத் தெரிந்தது. அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் காலத்திலிருந்தே இந்த ஊரில் கேரம் சாம்பியன்கள் உண்டு. தெருவோரக் கேரம் கிளப்பின் கூரை ஒழுகுவதை எந்த விளையாட்டு நிருபர் எழுதினார்? ஐபிஎல் டிக்கெட் கள்ளச்சந்தைக்கு மட்டும் வருடா வருடம் அரைப் பக்கம்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு மண்ணைத்தான் முதலில் அள்ள வைக்க வேண்டும். மழைக்காலம் வருவதால் செப்டம்பர் முடிவதற்குள் பெரும்பாலும் தோண்டும் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஒப்பந்ததாரர் இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மண் அங்கேயே தங்கிவிடும். லாரியும் ஜேசிபியும் உங்கள் தெருவில் நிற்கும்போதே 1913-ல் புகார் எண் வாங்கி, ஏஈயிடம் அந்த எண்ணைச் சொல்லி, "இந்த வேலைக்கான பில் போவதற்கு முன்பு மண் போக வேண்டும்" என்று கேளுங்கள். பில் நிற்கும் என்றால் மண்ணை அள்ள அவர்களே லாரி அனுப்புவார்கள்.