ஊசி போட்டால் விந்தணு ஏன் காணாமல் போகிறது? ஆண் ஹார்மோன் கேள்வி-பதில்

ஜிம்மில் சொன்னார்கள் என்று ஐந்து மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். உடம்பு நன்றாக ஏறியது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது டெஸ்ட்டில் விந்தணுவே இல்லை என்கிறார்கள். ஆண் ஹார்மோன் கூடினால் விந்தணுவும் கூட வேண்டாமா, டாக்டர்? (வாசகர், முத்தியால்பேட்டை)

தம்பி, இந்த ஊசியை விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.

விதைகள் தாமாக வேலை செய்வதில்லை. உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைக் கொஞ்சமாக விடும். அது அதற்குக் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்ட, அங்கிருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களும் இரத்தத்தில் இறங்கும். எல்ஹெச் வந்தால் விதையிலுள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். எஃப்எஸ்ஹெச் வந்தால் செர்டோலி செல்கள் விந்தணுக்களைப் பேணி வளர்க்கும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும்.

ஊசியில் வந்ததா, விதையில் சுரந்ததா என்று மூளைக்குத் தெரியாது. 'நிறைய இருக்கிறதே' என்று எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு உருவாக விதைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். ஊசியால் அந்த அளவைக் கொடுக்க முடியாது. அதனால் தசை ஏறுகிறது, விதை சுருங்குகிறது.

பெரும்பாலானவர்களுக்கு ஊசியை விட்டபின் விந்தணு திரும்ப வரும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் சோர்வும் மனச்சோர்வும் வரும். அதற்குப் பயந்து மறுபடி ஊசிக்குப் போய்விடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) பிரிவு இருக்கிறது. போட்ட மருந்தின் குப்பி, அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்ஹெச் போலவே வேலை செய்யும் ஹெச்சிஜி ஊசி தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். வாராவாரம் டெஸ்ட் எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

வயது 46, சர்க்கரை உண்டு. அசதி என்று சாயங்காலம் லேபில் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் 280. ஜெல் தடவிக்கொள்ளலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

சாயங்கால ரிப்போர்ட்டை ஒதுக்கி வையுங்கள். இந்த ஹார்மோன் விடியலில் உச்சத்தில் இருந்து பொழுது ஏற ஏறக் குறையும். காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாள்களில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை சாதாரணம். அப்போதும் குறைவாக இருந்தால் எல்ஹெச், பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் இரண்டையும் பாருங்கள். எல்ஹெச் ஏறியிருந்தால் கோளாறு விதையில்; ஏறாமல் இருந்தால் உத்தரவு தரும் மூளை, பிட்யூட்டரி பக்கம். தொப்பை இருக்கிறதா? கொழுப்பிலுள்ள அரோமட்டேஸ் நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். எடை குறைத்து, நன்றாகத் தூங்கினாலே பலருக்கு அளவு ஏறுகிறது.

பையனுக்கு 13 வயது. மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது. சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். பிராய்லர் கோழி தின்றதாலா? (ஒரு தாய், வில்லியனூர்)

கோழி காரணமில்லை அம்மா. பிராய்லர் வேகமாக வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும்தான். வயதுக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜனுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் கொஞ்ச நாள் தடுமாறும், அதனால் பல பையன்களுக்கு இப்படி வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தாலும் பெரும்பாலும் அதுவேதான். ஓரிரு வருஷத்தில் தானாக அமுங்கிவிடும். அழுத்திப் பிதுக்க வேண்டாம். வேகமாகப் பெரிதானாலோ, காம்பில் கசிவு இருந்தாலோ, விதைகள் வளராமலே இருந்தாலோ உடனே காட்டுங்கள். அவனிடம் இதை நீங்களோ அப்பாவோ உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை தனியாகப் பயந்துகொண்டிருப்பான்.

தூக்கத்தில் விந்து போகிறது. நரம்புத் தளர்ச்சி வரும் என்று லாட்ஜில் வந்து பார்க்கும் வைத்தியர் சொல்லி, லேகியம் கொடுத்தார். (வயது 19, பண்ருட்டி)

நோயே இல்லை, லேகியத்தை நிறுத்துங்கள். இதனால் ஹார்மோனும் குறையாது, நரம்பும் தளராது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் ஆண்மை போய்விடுமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

போகாது. வெட்டிக் கட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும்தான். டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, நேராக இரத்தத்தில் கலக்கிறது. ஆனால் குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் வரை ஆகும். டெஸ்ட்டில் அணு இல்லை என்று எழுதிக் கொடுக்கும்வரை ஆணுறையை விடாதீர்கள்.